அறுபத்தொன்றாவது பிள்ளை

தாராவியில் ஒரே கட்டடத்தில் பல பள்ளிகள் இயங்குவது வழக்கம். ஒரு தளத்தில் தமிழ்ப் பள்ளி, அடுத்ததில் இந்தி, அதற்கு மேல் உருது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது.

எனக்குத் தெரிந்த தமிழ் ஆசிரியை ஒருவருக்குச் சென்ற செப்டம்பரில் தூக்கமே இல்லை. கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிப் பக்கம் போன மூன்று பிள்ளைகள் திரும்பி வரவில்லை. பாட்டி வீட்டிலிருந்தே பள்ளியில் சேர்த்துவிட்டார்களோ என்று போன்மேல் போன் போட்டுக்கொண்டிருந்தார். பதிவேட்டில் 62 பெயர்கள். மூன்றை அடித்தால் 59. மகாராஷ்டிரத்தில் செப்டம்பர் 30 அன்று உள்ள எண்ணிக்கைதான் ஆசிரியர் பணியிடத்துக்குக் கணக்கு. 59 என்றால் ஒருவர் உபரி.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை இப்படிப் போகிறது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை 60 பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை மூவர், 91 முதல் 120 வரை நால்வர், 121 முதல் 200 வரை ஐவர். 150-ஐத் தாண்டினால் தலைமையாசிரியரும் உண்டு. 200-க்கு மேல், தலைமையாசிரியரைச் சேர்க்காமல், நாற்பது பேருக்கு ஒருவராவது இருக்க வேண்டும். 'முப்பதுக்கு ஒருவர்' என்று பேச்சுவாக்கில் சொல்கிறோம். அட்டவணையோ படிக்கட்டு. ஒரு பிள்ளை படி ஏறினால் ஒரு ஆசிரியர் வருகிறார், ஒன்று இறங்கினால் போகிறார்.

60 பேருக்கு இருவர் என்பது தாளில் அழகான விகிதம். வகுப்புகள் ஐந்து அல்லவா? ஒருவர் முதல் இரண்டையும் மற்றவர் மீதி மூன்றையும் பார்க்கிறார். கரும்பலகையை நடுவில் கோடிழுத்துப் பிரித்து, இடப்பக்கம் வாய்பாடு, வலப்பக்கம் வகுத்தல். வகுத்தல் நடக்கும்போது வாய்பாட்டுக்காரர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நான்காம் படிதான் என் கண்ணை உறுத்துகிறது. 121 பேர் என்றால் ஆசிரியருக்கு 24 பிள்ளைகள். அதே ஐவர் 200 பேரை ஏற்கும்போது ஆளுக்கு 40.

பள்ளியின் அளவும் கணக்கை மாற்றும். ஒரே பள்ளியில் 240 பேர் படித்தால் ஆறு ஆசிரியர்களும் தலைமையாசிரியரும். அவர்களே 60 பேராக நான்கு பள்ளிகளில் இருந்தால் எட்டு ஆசிரியர்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை கூடிவிட்டால் பன்னிரண்டு! சிறு பள்ளிகளை இணைக்கலாமா என்று அதிகாரிகளின் கை துறுதுறுப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். நடக்கும் தூரத்தில் பள்ளி வேண்டும் என்ற விதி எதிர்ப்பக்கம் இழுக்கிறது.

தமிழ்நாட்டில் உபரி ஆசிரியரைப் பணிநிரவலில் பக்கத்துப் பள்ளிக்கு அனுப்பலாம். மும்பையில் மேல்தளத்து இந்தி ஆசிரியர் உபரியானாலும் கீழே இறங்கி 'அ, ஆ' சொல்லித்தர முடியாது. சராசரியில் நகரம் முழுக்கப் போதிய ஆசிரியர்கள் இருக்கலாம். தமிழ்த் தளத்தில் ஒருவர் குறைந்தால் அந்தச் சராசரி அங்கே உதவாது. சட்டமும் விகிதத்தைப் பள்ளிவாரியாகத்தான் கேட்கிறது. இதில் தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பவும் அதே சட்டத்தில் இடமிருக்கிறது.

பிள்ளைகளின் இடங்களுக்கும் ஒரு பங்கீடு உண்டு. தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் கால்பங்கு இடத்தை நலிந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும்; சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு. விண்ணப்பங்கள் மிகுந்தால் குலுக்கல். அரசுப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் இது வேண்டாம் என்று மகாராஷ்டிர அரசு 2024-இல் விதியை மாற்றியது. பம்பாய் உயர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அந்த மாற்றத்தை ரத்து செய்தது.

அந்தக் குலுக்கலில் ஆசிரியையின் சந்துப் பிள்ளைகள் இருவருக்கு இடம் கிடைத்திருந்தது. இருவரும் அவர் பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர வேண்டியவர்கள். மிட்டாய் கொடுத்த தாய்மாரிடம் சிரித்துப் பேசிவிட்டு வந்தவர், மீண்டும் போனை எடுத்தார். திருநெல்வேலியிலிருந்து இருவராவது வர வேண்டும்.