போனில் மாறிக்கொண்டே இருக்கும் ஆறு இலக்கங்கள்

கடவுச்சொல்லுக்கு அடுத்து தளங்கள் கேட்கும் ஆறு இலக்கக் குறியீட்டைக் காட்டுவது ஆத்தென்டிகேட்டர் செயலி. அதைத் திறந்துவைத்துவிட்டு, போனை ஃப்ளைட் மோடுக்கு மாற்றிப் பாருங்கள். இணையம் இருக்காது, சிக்னல் இருக்காது. ஆனாலும் முப்பது நொடிக்கு ஒருமுறை எண் மாறிக்கொண்டேதான் இருக்கும். அந்த எண்ணைக் கணினியில் தட்டினால் தளமும் ஏற்றுக்கொள்ளும். யாரும் அதை உங்களுக்கு அனுப்பவில்லை. உங்கள் போனும் தளத்தின் சர்வரும் ஒரே கணக்கைத் தனித்தனியாகப் போட்டு, ஒரே விடைக்கு வந்து சேர்கின்றன.

கணக்குக்கு வேண்டியவை இரண்டுதான்: ஒரு ரகசியச் சாவி, இப்போதைய நேரம். செயலியை அமைக்கும்போது கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தீர்கள் அல்லவா, அதற்குள் இருந்தது அந்தச் சாவி. நேரம் என்பது 1970 ஜனவரி 1 முதல் எத்தனை நொடிகள் கடந்துள்ளன என்ற எண்ணிக்கை. அதை 30ஆல் வகுத்து ஈவை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் விடை முப்பது நொடிக்கு மாறாமல் நிற்கிறது.

இந்தக் கணக்கை வரையறுப்பது 2011இல் வெளியான ஆர்எஃப்சி 6238 என்ற தரநிலை. அதில் சோதனைக் கணக்குகள் சில உண்டு. ஒன்றைப் பார்ப்போம். சாவி 12345678901234567890. நேரம் 1111111109 நொடி, அதாவது உலகப் பொது நேரப்படி 2005 மார்ச் 18, பின்னிரவு 1:58:29. முப்பதால் வகுக்க, ஈவு 37037036. சாவியையும் இந்த ஈவையும் எச்மேக்-ஷா1 என்ற சார்புக்குள் (கொடுத்ததைக் கலக்கி ஒரே நீளத்தில் விடை தரும் கணித முறை) கொடுத்தால் 20 பைட் வெளியே வரும். கடைசி பைட்டின் கடைசி 4 பிட்டுகள், எந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லும். அங்கிருந்து 4 பைட் எடுத்து, முதல் பிட்டை நீக்கி, பத்து லட்சத்தால் வகுத்தால் கிடைக்கும் மீதிதான் குறியீடு. இங்கே அது 081804. முன்னால் நிற்கும் சுழியத்தையும் சேர்த்தே தட்ட வேண்டும். அதை விட்டால் தளம் மறுத்துவிடும்.

இந்தச் சார்பு ஒருவழிப் பாதை. யாராவது தோளுக்குப் பின்னால் நின்று குறியீட்டைப் பார்த்தாலும், அதை வைத்துச் சாவியைக் கண்டுபிடிக்க முடியாது.

சரியான குறியீட்டைத் தட்டியும் தவறு என்று வந்தால் முதலில் போனின் கடிகாரத்தைப் பாருங்கள். நேர மண்டலம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, கணக்கு உலகப் பொது நேரத்தில்தான் நடக்கிறது. ஆனால் நேரத்தைக் கையால் மாற்றிவைத்து அது ஐந்து நிமிடம் விலகியிருந்தால், போன் போடும் கணக்கு வேறாகிவிடும். பொதுவாக ஒரு முப்பது நொடித் தாமதத்தைத்தான் சர்வர் பொறுத்துக்கொள்ளும். தேதி, நேர அமைப்பில் ‘தானியங்கி’யைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

சாவி யாரிடம் இருக்கிறதோ அவரிடம் எல்லாக் குறியீடுகளும் இருக்கின்றன. கியூஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கேலரியில் வைத்திருப்பவர்கள் ஏராளம். அந்தப் படம் தானாகவே கிளவுடுக்கும் போய்விடுகிறது. அது கையில் கிடைத்தவருக்கு உங்கள் போன் தேவையே இல்லை. அந்தப் படத்தை அழித்தால் மட்டும் போதாது. இரண்டடுக்குப் பாதுகாப்பை அணைத்துவிட்டு மறுபடி இயக்குங்கள். புதுச் சாவி வரும், பழையது செல்லாது. இதே சாவி சர்வரிலும் இருக்கிறது என்பது இந்த முறையின் இன்னொரு பலவீனம்.

போன் தொலைந்தால் சாவியும் தொலையலாம். அமைக்கும்போது தளம் தரும் பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதி, போனைவிட்டுத் தனியே வையுங்கள். ஒவ்வொன்றும் பெரும்பாலும் ஒருமுறைதான் செல்லும். புதுப் போனுக்கு மாறும்போது, புதியதில் உள்நுழைந்து பார்க்கும்வரை பழையதை அழிக்காதீர்கள். வேலையில் இருப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்: சொந்தக் கணக்குகளின் மீட்பு முகவரியாக அலுவலக மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள். வேலையைவிட்டு விலகியதும் அந்த முகவரி மூடப்படும். அடுத்த வேலைக்குத் தேவையான தொழில்முறைச் சுயவிவரப் பக்கமே கைவிட்டுப் போனவர்கள் உண்டு.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் ஒரு ஓட்டை மிஞ்சுகிறது. தன்னை எந்தத் தளத்தில் தட்டுகிறீர்கள் என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது. போலிப் பக்கத்தில் தட்டினால், மோசடிக்காரர் அதே நொடியில் உண்மைத் தளத்தில் இட்டு உள்ளே போய்விடலாம். முப்பது நொடி அதற்குத் தாராளம். 2022இல் கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் ஒரு நிமிடத்துக்குள் குறைந்தது 76 ஊழியர்களுக்கு, இப்படி ஒரு போலிப் பக்கத்துக்கு இழுக்கும் குறுஞ்செய்தி வந்தது. மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்தும்விட்டார்கள். போலிப் பக்கம் அடுத்து கேட்க இருந்தது ஆறு இலக்கக் குறியீட்டை. அங்கே ஊழியர்கள் பயன்படுத்தியது குறியீட்டுக்குப் பதிலாக வன்பொருள் பாதுகாப்புச் சாவி என்ற சிறு கருவி என்பதால் திருடிய கடவுச்சொல் பயன்படவில்லை.

அந்தச் சாவியும், கடவுச்சொல்லுக்குப் பதிலாக இப்போது போன்களிலேயே வரும் பாஸ்கீயும் ஒரே அடிப்படையில் இயங்குபவை. சாவி இரட்டையாக உருவாகிறது: ரகசியப் பாதி உங்களிடம், வெளிப்படையான பாதி சர்வரிடம். சர்வரைக் கொள்ளையடித்தாலும் கிடைப்பது உதவாத பாதிதான். உள்நுழையும்போது தளத்தின் முகவரியை பிரவுசரே சேர்த்துக் கையொப்பமிட வைக்கிறது. முகவரியில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், அந்த முகவரிக்கு உங்களிடம் சாவி இல்லை. கண் ஏமாந்தாலும் கணக்கு ஏமாறாது. தட்டிக் கொடுக்க எண் எதுவும் இல்லை.

ஆகவே வசதி இருக்கும் இடங்களில் பாஸ்கீயைத் தேர்ந்தெடுங்கள். மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், மற்றக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு அங்கேதான் வந்து சேர்கிறது. அடுத்தது பணக் கணக்குகள். பாஸ்கீ இல்லாத தளத்தில் ஆத்தென்டிகேட்டர் செயலி. குறுஞ்செய்தி ஓடிபி கடைசி இடம்தான், ஏனென்றால் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றி வாங்கிக்கொள்பவருக்கு அது நேராகப் போய்விடும். வேறு வழியே தராத தளத்தில் அதையாவது இயக்கிவையுங்கள். சிம் மாற்றத்துக்குத் தனி பின் எண் வைக்க உங்கள் தொலைபேசி நிறுவனம் அனுமதிக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள்.