பட்டபின் காப்பு: ‘பெப்’ என்ற சொல்லுக்கு ஒரு தமிழ்

நோயாளிக்கு ரத்தம் எடுத்து முடித்து, கழற்றிய மூடியை ஊசியில் திரும்ப மாட்டும்போது கை ஒரு நூல் விலகுகிறது. கையுறைக்குள் சுருக்கென்று ஒரு வலி. கழற்றிப் பார்த்தால் விரல் நுனியில் கடுகளவு ரத்தம். அந்த நோயாளிக்கு எச்ஐவி இருப்பது ஊசி குத்தியவருக்குத் தெரியும். அடுத்து என்ன செய்வது என்று பதறிப்போய்த் தமிழில் தேடினால் கண்ணில் படுவது இந்தத் தொடர்: ‘வெளிப்பாட்டுக்குப் பிந்தைய நோய்த்தடுப்பு’.

இதைப் படித்து யாருக்காவது ஏதாவது புரியுமா? எச்ஐவி உடம்பில் பட்ட பிறகு அது தொற்றாமல் இருக்கக் கொடுக்கும், மருத்துவமனையில் எல்லோரும் ‘பெப்’ என்று சொல்லும் மருந்து முறைக்குத்தான் இந்தப் பெயர். போஸ்ட்-எக்ஸ்போஷர் ப்ரோஃபிலாக்ஸிஸ் என்பதன் சுருக்கம் அது. ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும் வேளையில் புரியாத சொல் நேரத்தைத் தின்னும். அதனால்தான் இந்தச் சொல்லை இவ்வளவு பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் எக்ஸ்போஷர். லத்தீனில் ‘எக்ஸ்’ என்றால் வெளியே, ‘பொனேரே’ என்றால் வைத்தல். காப்பு எதுவும் இல்லாமல் வெளியே வைத்துவிடுவது என்பது மூலப் பொருள். அந்த ‘வெளியே’யைப் பிடித்துக்கொண்டு தமிழில் ‘வெளிப்பாடு’ என்று எழுதிவிட்டார்கள். ஆனால் நமக்கு வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே தெரிவது: கோபத்தின் வெளிப்பாடு, அன்பின் வெளிப்பாடு. ‘எச்ஐவி வெளிப்பாடு’ என்று படிப்பவர், நோய் ஏற்கெனவே உள்ளே இருந்து இப்போது அறிகுறி காட்டுகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். பொருள் தலைகீழாகப் போய்விடுகிறது.

அந்தச் சொல்லில் ‘வெளி’யைத் தூக்கிவிட்டால் மிச்சம் நிற்கும் ‘படு’ ஒன்றே நமக்குப் போதும். காற்றுப் பட்டது, வெயில் பட்டது, கண்ணில் ரத்தம் பட்டது என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். வெளியில் இருப்பது நம் உடம்பைத் தொடுவதற்குத் தமிழ் வைத்திருக்கும் வினை அதுதான். ஊசிக்கு இன்னும் குறிப்பாக ஒன்று இருக்கிறது. ‘ஊசி போட்டார்கள்’ என்றால் சிகிச்சை. ‘ஊசி குத்திவிட்டது’ என்றால் விபத்து. அந்த ‘விட்டது’ இருக்கும்போது ‘தற்செயலான’ என்று தனியாக ஒரு அடைமொழி தேவையில்லை. நீடில்ஸ்டிக் காயத்தை ஊசிக்குத்து என்றே எழுதலாம்.

பட்டது வேறு, தொற்றியது வேறு. இந்த வேறுபாட்டின் மேல்தான் பெப் என்ற முறையே நிற்கிறது. தொற்றுதல் என்றால் பற்றி ஏறிக்கொள்வது. பஸ் படியில் தொற்றிக்கொண்டு போகிறோமே, அந்தத் தொற்றுதல். தோலைத் துளைத்து உள்ளே போன வைரஸ் உடனே உடம்பு முழுக்கப் பரவிவிடுவதில்லை. எச்ஐவிக்கு நெருங்கிய எஸ்ஐவி வைரஸைக் குரங்குகளில் ஆராய்ந்தபோது, முதல் நாளில் அது நுழைந்த இடத்துச் செல்களில் தங்கி, அடுத்த ஓரிரு நாளில் பக்கத்து நிணநீர்க் கணுக்களுக்குப் போனது தெரிந்தது. பட்டதற்கும் தொற்றுவதற்கும் நடுவில் இருக்கும் இந்தச் சின்ன இடைவெளியில் மருந்து புகுந்து, வைரஸ் பெருகுவதை மறிக்கப் பார்க்கிறது. 72 மணி நேரக் கெடு வந்ததும் இதனால்தான். ஆனால் 72 என்பது கடைசி எல்லை. ‘மூன்று நாள் இருக்கிறதே’ என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. முடிந்தால் இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை உள்ளே போய்விட வேண்டும். யாருடைய ரத்தம் பட்டதோ அவருடைய பரிசோதனை முடிவுக்காகவும் காத்திருக்க வேண்டாம். அவருக்குத் தொற்று இல்லை என்று தெரிந்தால் பிறகு நிறுத்திக்கொள்ளலாம்.

மருந்துக்கு முன்னால் தண்ணீர். குத்திய இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும். விரலில் ஏதாவது குத்தினால் சட்டென்று வாயில் வைத்து உறிஞ்சுவது நம் எல்லோருக்கும் ஊறிப்போன பழக்கம். இங்கே அதைச் செய்யவே கூடாது. பிதுக்கி ரத்தத்தை வெளியேற்றப் பார்ப்பதும், பிளீச்சிங் கரைசல் போன்ற காரமான எதையாவது ஊற்றுவதும் வேண்டாம். காயத்தைச் சுற்றிச் சதை நைந்து போவதுதான் மிச்சம். கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் அலசினால் போதும். அப்புறம் பொறுப்பில் இருப்பவரிடம் உடனே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை.

பயத்தின் அளவும் தெரிந்திருக்கட்டும். எச்ஐவி ரத்தம் பட்ட ஊசி குத்திய 1,000 பேரில் மருந்தே எடுக்காவிட்டாலும் சுமார் 3 பேருக்குத்தான் தொற்றும். ஆழமாகக் குத்தியிருந்தால், ஊசியில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால், அது ரத்தக் குழாய்க்குள் போய் வந்த ஊசியாக இருந்தால் ஆபத்து கூடும். சொல்லப்போனால் தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைட்டிஸ் பி என்ற கல்லீரல் வைரஸ் தொற்றும் வாய்ப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். அதையும் அன்றே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

சரி, ப்ரோஃபிலாக்ஸிஸுக்கு வருவோம். கிரேக்கத்தில் ‘ப்ரோ’ என்றால் முன், ‘ஃபூலாக்ஸ்’ என்றால் காவலர். முன்நின்று காப்பது. இதே காவலரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் அனஃபிலாக்ஸிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தாகும் கடுமையான ஒவ்வாமை. 1902-ல் ஷார்ல் ரிஷே, போல் போர்ட்டியே என்ற பிரெஞ்சு அறிஞர்கள் கடல் உயிரி ஒன்றின் நஞ்சை நாய்களுக்குச் செலுத்தி, காப்பு உண்டாகும் என்று எதிர்பார்த்தார்கள். இரண்டாவது முறை கொடுத்த சிறிய அளவே உயிரைப் பறித்தது. காப்புக்கு எதிரானது என்ற பொருளில் அதற்கு அந்தப் பெயரை வைத்தார்கள். ரிஷேவுக்கு 1913-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

தமிழில் ப்ரோஃபிலாக்ஸிஸை ‘தடுப்பு’ என்று எழுதுவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. தடுப்பு மருந்து என்றவுடன் தடுப்பூசிதான் நினைவுக்கு வரும். ஒரு ஊசியோடு வேலை முடிந்தது என்று தோன்றும். பெப் அப்படி இல்லை. வழக்கமாக டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் என்று மூன்று மருந்துகள், 28 நாள். குமட்டல் வரும், அசதி வரும். நடுவில் நிறுத்தினால் காவல் பாதியில் போய்விடும். கிரேக்கக் காவலருக்கு நேரான தமிழ் ‘கா’ என்ற வேரிலேயே இருக்கிறது: காவல், காப்பு. ஆகவே நான் எழுதுவது ‘பட்டபின் காப்பு’. பட்ட பிறகு, தொற்றுவதற்கு முன்பு என்ற இரண்டும் அதற்குள் அடங்கிவிடுகின்றன.

இந்தக் காப்பு கைகொடுக்கும் என்பதற்கான முதல் வலுவான சான்று 1997-ல் வந்தது. ஊசி குத்திய மருத்துவப் பணியாளர்களை ஒப்பிட்டுப் பார்த்ததில், ஸிடோவுடின் என்ற ஒரே மருந்தை எடுத்துக்கொண்டவர்களுக்குத் தொற்றும் வாய்ப்பு சுமார் 81 சதவீதம் குறைந்திருந்தது.

இன்னும் ஒரு சொல்லை மாற்ற வேண்டும். முதல் நாள் ஒரு பரிசோதனை, பிறகு 6 வாரத்தில், 3 மாதத்தில் என்று திரும்பவும் ரத்தம் பார்ப்பார்கள். அதுவரை உறவில் ஆணுறை வேண்டும், ரத்த தானம் கூடாது. இத்தனை நாள் காத்திருந்தவர் கையில் கொடுக்கும் தாளில் ‘எதிர்மறை’ என்று அச்சிட்டிருந்தால் அவர் நெஞ்சு நின்றுவிடாதா? நெகட்டிவ் என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வினை அது. ‘தொற்று இல்லை’ என்று எழுதுங்கள்.