கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்

இந்தப் புயல் சீசனிலும் ஆரம்பித்துவிட்டது. இன்னும் உருவாகவே இல்லாத ஒரு புயல் பத்து நாள் கழித்து புளோரிடாவின் மேற்குக் கரையில் இருக்கும் டாம்பா நகரத்தைத் தாக்குவதாக ஒரு வண்ணப்படம் எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. இரண்டு நாளில் அதே புயல் நடுக்கடலில் கரைவதாக இன்னொரு படம். இந்தப் படங்களைப் போடுபவை மாடல்கள், அதாவது வானிலையைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்கள். உடனே, "இந்த மாடல்களை நம்பவே கூடாது" என்று தீர்ப்பும் வந்துவிட்டது. புளோரிடாவில் புயல் கணிப்புகளைப் படித்து அவசரகால அலுவலர்களுக்கு விளக்கிச் சொல்வது என் வேலை. இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

மாடல்களை நம்பலாம். எத்தனை நாளுக்கு என்பதுதான் கேள்வி. 1990-களின் தொடக்கத்தில் ஒரு நாள் முன்கணிப்பில் எவ்வளவு பிழை இருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவுதான் இன்று மூன்று நாள் முன்கணிப்பில் இருக்கிறது. செயற்கைக்கோள், கணினி, புயலுக்குள்ளேயே பறந்து அளந்து வரும் விமானங்கள் என்று காரணங்கள் எல்லோரும் அறிந்தவைதான். ஆனால் அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் ஒரு நாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, ஒவ்வொரு முறையும் 16 நாள் வரை படம் போடுகிறது. அதில் பத்தாம் நாளில் தெரியும் புயல் ஒரு சாத்தியம், அவ்வளவுதான். தொடக்க நிலையைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி அதே மாடலைப் பலமுறை ஓட்டிப் பார்க்கிறோம். அப்படிக் கிடைக்கும் பாதைக் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் போனால்தான் எங்களுக்கு நம்பிக்கை பிறக்கும். தனிப் படம் ஒன்றை எடுத்துப் பரப்பாதீர்கள்.

"எந்த மாடல் சரி?" என்பது அடுத்த கேள்வி. 2012-ல் சாண்டி புயல் இடப்பக்கம் திரும்பி அமெரிக்கக் கரைக்கு வரும் என்று ஐரோப்பிய மாடல் ஒரு வாரத்துக்கு முன்பே காட்டியது. ஜிஎஃப்எஸ் அதைக் கடலுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஐரோப்பிய மாடலுக்கு ரசிகர் கூட்டமே சேர்ந்துவிட்டது. 2025-ல் கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவு மாடல் பாதையைக் கணிப்பதில் இரண்டையும் முந்தியது. அடுத்த ஆண்டு என்ன ஆகுமோ! மயாமியில் இருக்கும் தேசிய ஹரிக்கேன் (கடும்புயல்) மையத்தின் கணிப்பாளர்கள் எல்லா மாடல்களையும் எடைபோட்டுத்தான் ஒரு பாதையைத் தருகிறார்கள். அதைப் பாருங்கள், போதும்.

சரி, புயல் போகும் பாதையைக் காட்ட அந்த மையம் வரைபடத்தில் வெளியிடும் வெள்ளைக் கூம்புக்கு வருவோம். என்னை அதிகம் வருத்துவது இதுதான். கூம்பு அகலமாக இருந்தால் பெரிய புயல் என்கிறார்கள். கூம்புக்குள் இருந்தால் ஆபத்து, வெளியே இருந்தால் தப்பித்தோம் என்கிறார்கள். இரண்டுமே தவறு. அந்தக் கூம்பு புயலின் மையப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும் காட்டுகிறது. காற்று எவ்வளவு தூரம் வீசும், எங்கே மழை கொட்டும், எங்கே கடல் ஏறும் என்பதெல்லாம் அதில் கிடையாது. அகலத்தையும் இந்தப் புயலைப் பார்த்து வரைவதில்லை. முந்தைய ஐந்து ஆண்டுக் கணிப்புப் பிழைகளில் மூன்றில் இரண்டு பங்கு அடங்கும்படி ஒரு அளவு எடுக்கிறார்கள். அந்த சீசனின் எல்லாப் புயல்களுக்கும் அதே அளவுதான். குழப்பமான புயலுக்கும் அதுதான், நேராக வரும் புயலுக்கும் அதுதான். மூன்றில் இரண்டு பங்கு என்றால் மீதி ஒரு பங்கு? மூன்றில் ஒரு முறை மையமே கூம்பைவிட்டு வெளியே போகலாம் என்று அர்த்தம். மறுபடியும் சொல்கிறேன், மையமே. உங்கள் வீட்டை அழிக்க மையம் உங்கள் வீட்டுக்கு வரவேண்டியதில்லை.

2004-ல் சார்லி புயல் டாம்பாவுக்கு வரும் என்று கூம்பின் நடுக்கோடு காட்டியது. கடைசி நேரத்தில் திரும்பி, டாம்பாவுக்குத் தெற்கே காயோ கோஸ்டா தீவு வழியாகப் புகுந்து புன்டா கோர்டா நகரத்தைச் சிதைத்தது. அந்தப் பகுதிக்கும் முன்பே எச்சரிக்கை இருந்தது, ஆனால் பலர் அந்த நடுக்கோட்டை மட்டுமே பார்த்திருந்தார்கள். பதினெட்டு ஆண்டு கழித்து, 2022 செப்டம்பர் 28 அன்று, இயன் புயல் அதே காயோ கோஸ்டாவில் கரை கடந்தது. அதற்கும் முன்பு கோடு டாம்பா பக்கம்தான் இருந்தது. அந்தத் தீவு இருக்கும் லீ கவுண்டியில் (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் போல) வெளியேறச் சொல்லி உத்தரவு வந்தது முந்தைய நாள் காலையில்தான். புயல் நேரடியாகப் பலிவாங்கியவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது உள்ளே ஏறிய கடல்நீர்.

பாதை சரியாகக் கணிக்கப்பட்டாலும் கதை முடிவதில்லை. 2024-ல் ஹெலீன் புயல் புளோரிடாவின் எந்தக் கரைக்கு வரும் என்பதை நன்றாகவே சொல்லியிருந்தோம். மலைப்பகுதியில் பேரழிவு வெள்ளம் வரும் என்ற எச்சரிக்கையும் வந்திருந்தது. அப்படியும் கரையிலிருந்து சுமார் 600 கிலோமீட்டர் உள்ளே, வட கரோலினாவின் ஆஷ்வில் பக்கத்து மலையூர்களை வெள்ளம் அடித்துப்போனது. அடுத்த இரண்டு வாரத்துக்குள் மில்டன் புயல் வந்தது. டாம்பாவுக்குத் தெற்கே சியஸ்டா கீ என்ற தீவில் கரை கடந்ததால் டாம்பா விரிகுடாவில் நீர் வெளியே இழுக்கப்பட்டது, தெற்கே கடல் ஏறியது. மையம் சில பத்து கிலோமீட்டர் வடக்கே போயிருந்தால் டாம்பாவின் கதி வேறு. அந்த வித்தியாசத்தை முந்தைய நாளில்கூட எந்த மாடலாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே" என்கிறவர்கள் இதை மனதில் வையுங்கள். அதே மில்டனில், புயல் கரை தொடுவதற்குச் சில மணி நேரம் முன்பு, எதிர்க்கரையான கிழக்குக் கரையில் ஃபோர்ட் பியர்ஸ் அருகே சுழல்காற்றில் (டொர்னாடோ) ஆறு பேர் இறந்தார்கள்.

அதனால் உங்கள் முகவரி எந்த வெளியேற்ற மண்டலத்தில் வருகிறது என்று இன்றைக்கே பாருங்கள். ஏ, பி, சி என்று ஓர் எழுத்து இருக்கும். அந்த எழுத்துக்கு உத்தரவு வந்தால் கிளம்பிவிடுங்கள், கூம்பைத் திறந்து வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். கடலோரத்தைவிட்டு உள்ளே இருக்கும் ஓர்லாண்டோவில் ஹோட்டல் கிடைக்கவில்லையா? வெகுதூரம் ஓடவேண்டாம். கடல்நீர் ஏறாத மேட்டுநிலத்தில், உறுதியான கட்டடத்தில் இருக்கும் நண்பர் வீடு போதும், கவுண்டி முகாமும் போதும். மொபைல் வீட்டில் (தொழிற்சாலையில் செய்து கொண்டுவந்து வைக்கும் வீடு) இருப்பவர்கள் எந்த மண்டலமானாலும் வெளியேறத்தான் வேண்டும். வெள்ளம் ஓடும் சாலையில் காரை இறக்கவே இறக்காதீர்கள்.

ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் அம்மா அப்பாவின் மாத்திரை, பாஸ்போர்ட், காப்பீட்டுத் தாள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கதவுப் பக்கம் வையுங்கள். உத்தரவு வந்தால் எந்த நண்பர் வீட்டுக்குப் போகப்போகிறீர்கள் என்பதை அவர்களிடமும் இப்போதே சொல்லிவிடுங்கள். நீங்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் உத்தரவு வந்தால் அவர்களை அழைத்துப்போகப் பக்கத்து வீட்டில் யாரிடமாவது சொல்லியும் வையுங்கள்.