மீயொலிச் சிகிச்சை: சொல்லும் பொருளும்

முழங்கால் மூட்டிலோ தோள்பட்டையிலோ வலி என்று இயன்முறை மருத்துவரிடம் போய் வந்தவர்கள் பெரும்பாலும் ‘கரண்ட் வைத்தார்கள்’ என்றே சொல்வார்கள். பசை தடவி, வட்டமான உலோகத் தலையுடைய கைக்கருவியை வலிக்கும் இடத்தில் மெல்லச் சுழற்றியிருந்தால், உடலுக்குள் சென்றது மின்சாரம் அன்று, ஒலியே. மருத்துவச் சீட்டில் ‘அல்ட்ராசவுண்ட்’ என்றிருப்பதைப் படிப்பவர்களோ அதை வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் என்று எண்ணிவிடுகிறார்கள். தெளிவான தமிழ்ப் பெயர் வழக்கில் இருந்தால் இவ்விரு மயக்கங்களும் நேரா.

‘அல்ட்ரா’ என்னும் இலத்தீன் சொல்லுக்கு ‘அப்பால்’ என்று பொருள். ‘சவுண்ட்’ என்பதும் ‘சோனுஸ்’ என்னும் இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. இங்கே அப்பால் என்றது மனிதச் செவியின் எல்லைக்கு அப்பால் என்பதை. நாம் ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு இத்தனை அதிர்வு என்னும் அளவு) வரையிலான ஒலிகளையே கேட்கிறோம். சிகிச்சைக் கருவியின் தலையோ பொதுவாக நொடிக்கு 10 லட்சம் அல்லது 30 லட்சம் முறை அதிர்கிறது. சில படிகங்களை அழுத்தினால் மின்னூட்டம் தோன்றுவதை 1880-இல் ஜாக் கியூரி, பியேர் கியூரி உடன்பிறப்புகள் கண்டறிந்தனர். அதன் மறுதலையாக, மாறி மாறி மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் விரிந்து சுருங்கி ஒலியை எழுப்பும். முதல் உலகப்போர்க் காலத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறிய இதைப் பயன்படுத்த முனைந்த பிரெஞ்சு இயற்பியலாளர் பால் லாஞ்சவின், ஒலிக்கற்றையில் சிக்கிய மீன்கள் இறப்பதையும் நீரில் கையை வைத்தால் வலிப்பதையும் கவனித்தார். இந்த ஒலி உயிருள்ள தசையை மாற்றவல்லது என்பதற்கு அதுவே தொடக்கச் சான்று.

தமிழில் இதற்கு மூன்று சொற்கள் வழங்குகின்றன. ‘கேளா ஒலி’ எளிமையும் அழகும் உடையது. ஆனால் 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியும் நமக்குக் கேளாததுதான் என்பதால், அச்சொல் இரண்டையும் பிரித்துக் காட்டாது. இலங்கையில் வழங்கும் ‘கழியொலி’ இலக்கண வலுவுள்ள ஆக்கம். ‘சால உறு தவ நனி கூர் கழி மிகல்’ என்னும் நன்னூல் நூற்பாவின்படி ‘கழி’ மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். கழிபேருவகை என்பதில் வருவதும் அதுவே. தமிழ்நாட்டில் நிலைத்த சொல் ‘மீயொலி’. ‘மீ’ என்றால் மேல். ஒலியோடு சேரும்போது யகரம் உடம்படுமெய்யாக வந்து மீயொலி ஆகிறது. மேல்தோலைக் குறிக்கும் ‘மீந்தோல்’ என்னும் பழஞ்சொல்லிலும் இதே ‘மீ’ இருக்கிறது. எல்லைக்கு மேற்பட்டது என்னும் பொருளை மூன்றெழுத்துச் சுருக்கத்தில் தருவதோடு நாவுக்கும் இசைவாக இருப்பதால், என் தெரிவு மீயொலியே.

‘அல்ட்ராசவுண்ட் தெரபி’ என்னும் பெயரின் அடுத்த பாதி ‘தெரபி’. பேணுதல், பணிவிடை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. குணமாகிவிடும் என்ற உறுதி அதில் இல்லை. ஆகவே ‘குணமாக்கும் ஒலி’ என்பது போன்ற பெயர்கள் பிழையானவை. தசைநாணும் மூட்டுத் தசைநாரும் இவ்வொலியை மிகுதியாக உறிஞ்சி வெப்பம் கொள்வது உண்மை. முழங்கால் மூட்டுத் தேய்வில் ஓரளவு பயன் தெரிவதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் கீழ்முதுகு வலிக்கு இதை அளிக்க வேண்டாம் என்று இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் ‘நைஸ்’ அமைப்பு 2016-இல் வழிகாட்டியது. ‘மீயொலி மருத்துவம்’ என்றால் ஸ்கேனையும் சேர்த்துக் குறிக்கும் தனித் துறை போலத் தோன்றும். ஆகவே ‘மீயொலிச் சிகிச்சை’ என்பதே பொருந்தும். தனித்தமிழ் வேண்டுவோர் ‘மீயொலிப் பண்டுவம்’ எனலாம். ஸ்கேனுக்கு ‘மீயொலிப் படம்’ என்று வழங்கினால் இதை ஸ்கேன் என்று எண்ணும் மயக்கமும் அகலும்.

குதிகால் வலிக்கும் தசைநாண் வலிக்கும் தரப்படும் ‘ஷாக்வேவ்’ இதிலிருந்து வேறானது. அது இடையறாத நுண்ணதிர்வு அன்று; திடீரென உயர்ந்து தணியும் அழுத்தத் துடிப்புகளின் வரிசை. சிறுநீரகக் கல்லை உடலுக்கு வெளியிலிருந்தே உடைக்க 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாக நோயாளியிடம் பயன்படுத்திய முறையிலிருந்து அது எலும்பு, தசை மருத்துவத்துக்கு வந்தது. அதை ‘அதிர்வலைச் சிகிச்சை’ என்று தனியே எழுத வேண்டும். ‘ஒலியலைச் சிகிச்சை’ என்று பொதுவாக எழுதினால், தமக்கு நடந்தது இவ்விரண்டில் எது என்று நோயாளிக்கு விளங்காது.