மார்ஃபினைத் தள்ளிப்போடாதீர்கள்

"இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் டாக்டர், இப்போதே மார்ஃபின் வேண்டாம்." கடும் வலியைத் தணிக்கும் மருந்தைப் பற்றி, புற்றுநோய் முற்றியவர்களின் வீடுகளில் இதைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஆற்றாமைதான் மிஞ்சுகிறது. அண்மையில் பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் ஓர் அம்மா. மார்பகப் புற்றுநோய் முதுகெலும்புக்குப் பரவியிருக்கிறது. படுத்தால் வலி உயிர் போகிறது என்று, இரவெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எழுதிக் கொடுத்த மார்ஃபின் அட்டையில் இரண்டே மாத்திரைகள் குறைந்திருந்தன. "அது கடைசிக் கட்டத்து மருந்துதானே?" என்றார் மகன்.

இல்லை. மார்ஃபின் கொடுப்பது வலியின் கடுமையைப் பார்த்து, மிச்சமிருக்கும் நாட்களைப் பார்த்து அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே இதை வகுத்துச் சொல்லிவிட்டது. மாதக்கணக்கில் அதைச் சாப்பிட்டுக்கொண்டு சமைப்பவர்களையும் கோயிலுக்குப் போய்வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். கதிர்வீச்சில் எலும்பு வலி தணிந்தால் அளவைக் குறைக்கவும் செய்கிறோம். இப்போதே கொடுத்தால் பிறகு வேலை செய்யாது என்பதும் தவறு. வலி கூடினால் அளவைக் கூட்டலாம். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. பழகிய உடலுக்குத் திடீரென்று நிறுத்தக் கூடாது, படிப்படியாகக் குறைக்க வேண்டும், அவ்வளவுதான். மூச்சு நின்றுவிடும் என்று பயப்படுகிறீர்கள். வலிக்கு ஏற்பக் குறைந்த அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துத்தான் கூட்டுகிறோம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இவ்வளவு பயப்படும் அதே வீட்டில் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் அதில்தான் வருகின்றன.

சாதாரண மார்ஃபின் மாத்திரை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கொடுங்கள். இடையில் வலி பீறிட்டால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் மெல்ல மெல்ல வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். மலச்சிக்கல் அடங்காது. பலர் மருந்தை விடுவதே அதனால்தான். முதல் நாளிலிருந்தே மலமிளக்கி கொடுங்கள், வாழைப்பழம் போதாது.

மார்ஃபின் போன்ற மருந்துகள் நோயாளிகளுக்கு எளிதில் கிடைக்கட்டும் என்று 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் 2014இல் திருத்தப்பட்ட பிறகும் எல்லாக் கடைகளிலும் அது கிடைப்பதில்லை. தீர்வதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. கருணாஷ்ரயா என்ற பராமரிப்பு இல்லத்தில், வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புப் பராமரிப்பு இலவசம்.

பிள்ளைகளே, அம்மா வாய் திறந்து சொல்ல மாட்டார், நீங்கள் கவலைப்படுவீர்கள் என்று. பத்துக்கு எத்தனை வலி என்று தினமும் கேட்டு நோட்டில் குறியுங்கள். முதுகுவலியோடு கால் தளர்ந்தாலோ சிறுநீர் பிரியாமல் நின்றாலோ மறுநாள்வரை பொறுக்காதீர்கள். தண்டுவடம் நசுங்கிக்கொண்டிருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.