லாகின்: கடலில் எறிந்த கட்டையிலிருந்து

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் என் மாமாவுக்காக, டீசல், ஐஸ், வலைச் செலவு, பங்குக் கணக்கு எல்லாம் எழுதிவைக்க சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் ஒரு சிறிய வலைத்தளம் செய்துகொண்டிருந்தேன். "லாகின் என்றால் கதவைத் திறப்பதுதானே?" என்று கேட்டார். "இல்லை மாமா, டோக்கன் வாங்குவது" என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் 'லாகின்' என்ற சொல் மனத்தில் ஒட்டிக்கொண்டது.

ஆங்கிலத்தில் 'லாக்' என்றால் மரக்கட்டை. பாய்மரக் கப்பலின் வேகத்தை அறிய, முடிச்சுப் போட்ட நீண்ட கயிற்றின் நுனியில் ஒரு கட்டையைக் கட்டிப் பின்புறத்திலிருந்து கடலில் எறிவார்கள். கட்டை ஏறக்குறைய விழுந்த இடத்திலேயே மிதக்கும். கப்பல் நகர நகரக் கயிறு கையை விட்டு ஓடும். 28 விநாடி மணற்கடிகை வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் ஓடின என்று எண்ணுவார்கள். இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே 47 அடி 3 அங்குலம். புயல் நாட்களில் வானிலை அறிக்கையில் நாம் கேட்கும் 'நாட்' இந்த முடிச்சுதான்: மணிக்கு 1.852 கிலோமீட்டர். கட்டை சொன்ன வேகத்தைக் குறித்துவைத்த ஏடு 'லாக் புக்' ஆயிற்று. பிறகு கட்டை போய்விட்டது, ஏட்டில் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

கணினிக்கு இந்தச் சொல் வந்ததும் ஏட்டின் வழியாகத்தான். 1961இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் முதன்முதலாக இயக்கிக் காட்டப்பட்ட சி.டி.எஸ்.எஸ். என்ற அமைப்பில், ஒரே கணினியைப் பலர் பங்குபோட்டுப் பயன்படுத்தினார்கள். யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வைக்காமல் முடியுமா? 'லாகின்', அதாவது ஏட்டில் பதிந்து நுழைவது, அங்கே ஒரு கட்டளை.

தமிழில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. கைபேசிகளில் 'உள்நுழை' என்று இருக்கும். எளிமையானது, ஆனால் மாமா கேட்ட கதவைத்தான் அதுவும் காட்டுகிறது. தமிழ் விக்கிப்பீடியா வழங்கும் சொல் 'புகுபதிகை'. புகு, பதிகை: வினைத்தொகை, அதனால்தான் நடுவில் 'ப்' மிகவில்லை. நுழைவதையும் பதிவதையும் சேர்த்துச் சொல்வதால் என் வாக்கு இதற்கே. வாயில் நுழையவில்லை என்று முணுமுணுப்பவர்கள் ஆளைச் சரிபார்ப்பதற்கான ஆங்கிலச் சொல்லான 'ஆதன்டிகேஷன்' என்பதைத் தடுமாறாமல் சொல்லிப் பார்க்கட்டும்.

நிரலைப் பார்த்தாலும் பதிகைதான் தெரிகிறது. உலாவியும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.டி.டி.பி.க்கு நினைவு கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதற்குப் புது முகம். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வந்து சேர்ந்ததும், நோட்.ஜேஎஸ்ஸுக்கான எக்ஸ்பிரஸ் என்ற சட்டகத்தில் நாம் எழுதிய நிரல், சேமித்து வைத்த வடிவத்தோடு ஒப்பிடுகிறது. கடவுச்சொல்லை அப்படியே சேமிக்கக் கூடாது. 1999இல் வெளிவந்த பிகிரிப்ட் போன்ற முறையால், மீட்க முடியாதபடி சிதைத்து வைக்க வேண்டும். சிதைக்கும்முன் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறாகச் சேர்க்கும் தற்செயல் எழுத்துகளுக்கு 'உப்பு' என்றே பெயர். வாலிநோக்கத்து உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: ஒரே மீன்தான், உப்பிட்டால் வேறு சரக்கு.

ஒப்பீடு சரியாக வந்தால் சர்வர் தன் பதிவேட்டில் ஒரு வரி எழுதி, அதற்கான அடையாள எண்ணைக் குக்கியாக, அதாவது உலாவி வைத்துக்கொள்ளும் சிறு குறிப்பாக, உலாவியிடம் கொடுக்கிறது. அதுதான் டோக்கன். ராமேஸ்வரத்தில் விசைப்படகு கடலுக்குப் போக மீன்வளத் துறையிடம் வாங்குவார்களே, அதைப் போல. அடுத்த கோரிக்கைகளில் உலாவி எண்ணைக் காட்டும், சர்வர் ஏட்டைப் புரட்டும். வெளியேறுவது, அதாவது 'விடுபதிகை', அந்த வரியை அடித்து நீக்குவது. பதிவேட்டைச் சர்வரின் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைத்தால், சர்வர் நின்று எழுந்ததும் ஏடு வெள்ளைத்தாள். முதல் வாரம் எங்கள் தெருவில் மின்சாரம் போனபோதெல்லாம் மாமா மறுபடி கடவுச்சொல் தட்டினார். பிறகு ஏட்டைத் தரவுத்தளத்துக்கு மாற்றினேன்.

புகுபதிகை பொருந்தாத இடமும் உண்டு. ஜே.டபிள்யூ.டி. என்ற முறையில் ஏடே தேவையில்லை. பெயரும் காலாவதியும் எழுதி முத்திரையிட்ட சீட்டைச் சர்வர் கொடுக்கிறது, பிறகு முத்திரையை மட்டும் சரிபார்க்கிறது. வசதிதான். ஆனால் அடிப்பதற்கு வரி இல்லாததால், கொடுத்த சீட்டைக் காலாவதிக்கு முன் செல்லாததாக்குவது கடினம். இதைக் கேட்டதும் மாமா, "கடலுக்குப் போன படகை டோக்கனைத் திருப்பிக் கொடு என்று கூப்பிட முடியுமா?" என்றார். எங்கள் தளத்தில் ஏட்டையே வைத்துக்கொண்டோம்.