வலித்தாலும் மூலம், வடிந்தாலும் மூலமா?

ஆசனவாயில் வலி என்றாலும் மூலம், ரத்தம் வந்தாலும் மூலம், சீழ் கசிந்தாலும் மூலம், அரித்தாலும் மூலம். நம் ஊரில் அந்த இடத்தில் எது வந்தாலும் பெயர் ஒன்றுதான். பெயர் ஒன்றாகிப் போனதால் வைத்தியமும் ஒன்றாகிவிட்டது: மருந்துக்கடையில் தாழ்ந்த குரலில் கேட்டு வாங்கும் ஒரு களிம்பு, கொஞ்சம் துத்தி இலை, கோழிக்கறிக்குத் தடை. அதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன. உண்மையில் இந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. காரணம் வேறு, வலிக்கும் விதம் வேறு, சிகிச்சையும் வேறு. எது எது என்று பிரித்தறிய அந்த உறுப்பின் அமைப்பு கொஞ்சம் தெரிந்தால் போதும்.

ஆசனவாய் வெறும் துளை அல்ல. வயது வந்தவர்களுக்கு அது 3 முதல் 4 செ.மீ. நீளமுள்ள ஒரு குழாய். அதைச் சுற்றி இரண்டு தசை வளையங்கள் உண்டு. உள்வளையம் நம் சொல்லைக் கேட்காது. தூங்கும்போதும் தானாக இறுகியே இருக்கும். வெளிவளையம் நம் கட்டுப்பாட்டில் இருப்பது. பேருந்தில் போகும்போது அடக்கிக்கொள்ள உதவுவது இதுதான். மலக்குடலில் மலம் வந்து நிரம்பியதும் உள்வளையம் சில நொடிகள் தளரும். வந்திருப்பதில் ஒரு துளி கீழிறங்கி, நுண்ணுணர்வு மிக்க உட்சுவரைத் தொடும். காற்றா, நீரா, கட்டியா என்று அந்த இடம் சொல்லிவிடும். அதுவரை வெளிவளையம் பிடித்துக்கொள்ளும். ஒரு நாளில் பலமுறை, நாம் அறியாமலே இந்தச் சோதனை நடக்கிறது.

குழாயின் உட்சுவரில் மூன்று மெத்தைகள் இருக்கின்றன. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ரத்தநாளங்களும் நார்த்திசுவும் சேர்ந்த இந்த மெத்தைகள் எல்லோருக்கும் பிறவியிலேயே உண்டு. தசை என்னதான் இறுகினாலும் மூடாத சிறு இடைவெளியை இவைதான் அடைக்கின்றன. ஆக மூலம் என்பது புதிதாக முளைக்கும் கட்டி அல்ல. இருக்கிற மெத்தை வீங்கிச் சரிவதுதான்.

இனி வருவதுதான் முக்கியம். விளிம்பிலிருந்து சுமார் 2 செ.மீ. மேலே, குழாயின் உட்சுவரில் பல்வரிசை போன்ற ஒரு கோடு ஓடுகிறது. அதற்கு மேலே இருப்பது குடலின் சவ்வு. அங்கே வெட்டினாலும் குத்தினாலும் வலி தெரியாது. அழுத்தம் மட்டும் தெரியும். கோட்டுக்குக் கீழே இருப்பது தோல். விரல் நுனிக்கு நிகரான உணர்வு அதற்கு உண்டு. இந்தக் கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

உள்மூலம் கோட்டுக்கு மேலே வருவது. முக்கி முக்கி மலம் கழிக்கும்போது மெத்தையைச் சுவரோடு பிணைத்திருக்கும் நார்கள் நைந்து, மெத்தை கீழே சரிகிறது. அதைக் கடினமான மலம் உரசினால் பளிச்சென்ற சிவப்பு ரத்தம் சொட்டும், சில சமயம் பீச்சும். வலி இருக்காது. முதல் நிலையில் ரத்தம் மட்டும். இரண்டாவதில் முளை வெளியே வந்து தானே உள்ளே போகும். மூன்றாவதில் விரலால் தள்ளவேண்டியிருக்கும். நான்காவதில் தள்ளினாலும் போகாது. முதல் இரண்டு நிலைகளில் மலத்தை இளக்கினாலே பலருக்கு அடங்கிவிடும். அடங்காவிட்டால், மூன்றாம் நிலையிலும்கூடப் பலருக்கு, மயக்க மருந்தே இல்லாமல் முளையின் அடியில் சிறிய ரப்பர் வளையத்தைப் போடுகிறார்கள். ரத்த ஓட்டம் நின்று 5 முதல் 10 நாளில் அது உதிர்ந்துவிடும். மயக்க மருந்து ஏன் வேண்டாம் என்பதற்கு அந்தக் கோடுதான் விடை: வளையம் கோட்டுக்கு மேலே விழுகிறது. தப்பித்தவறிக் கோட்டைத் தொட்டால் நோயாளி உடனே துடிப்பார். கழற்றி மேலே போடவேண்டும். உதிரும் நாளில் கொஞ்சம் ரத்தம் வருவது இயல்பு. காய்ச்சல், சிறுநீர் போகாமை, நாளுக்கு நாள் கூடும் வலி இயல்பல்ல. அன்றே மருத்துவமனைக்குப் போகவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் வளையம் போடும் முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

வெளிமூலம் கோட்டுக்குக் கீழே இருப்பது. அதனுள் ரத்தம் உறைந்துவிட்டால், நேற்றுவரை இல்லாத நீலம் பாய்ந்த உருண்டை ஒன்று திடீரென்று தட்டுப்படும். உட்கார முடியாத வலி. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே குறையும். ஆகவே முதல் மூன்று நாளுக்குள் வந்தால்தான் அதை அறுத்தெடுப்பதில் பெரிய பலன். அதற்குப் பிறகு வெந்நீரும் வலி மாத்திரையும் பொறுமையும் போதும்.

மூலம் என்று நினைத்துக்கொண்டு பலர் வருடக்கணக்கில் அவதிப்படுவது இரண்டாவது நோயால்: ஆசனவாய் வெடிப்பு. கோட்டுக்குக் கீழேயுள்ள தோல், பெரும்பாலும் பின்பக்க நடுவில், நீளவாக்கில் கிழிவது. மலம் போகும்போது கண்ணாடித் துண்டு அறுப்பது போல வலிக்கும். போன பிறகும் ஒரு மணி, இரண்டு மணி நேரம் எரியும். ரத்தம் கழுவும் கையில் கோடாகத் தெரியும், அவ்வளவுதான்.

இவ்வளவு சிறிய கிழிசல் ஏன் ஆறுவதில்லை? வலித்ததும் உள்வளையத் தசை இறுகுகிறது. அது நம் சொல்லைக் கேட்காத தசை என்பதை மறக்கவேண்டாம். இறுகிய தசை தன்னூடே போகும் ரத்தநாளங்களை நெரிக்கிறது. பின்பக்க நடுப்பகுதிக்கு ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைவு. ரத்தம் வராத புண் ஆறாது. அடுத்த நாள் மலம் அதையே மறுபடி கிழிக்கும். வலிக்குப் பயந்து மலத்தை அடக்கினால், மலக்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சி இன்னும் கட்டியாக்கிவிடும். வலி, இறுக்கம், பயம், மலச்சிக்கல், மறுபடி கிழிசல். வெறும் புண்ணாற்றும் களிம்பு இங்கே தோற்பது இதனால்தான். தளர்த்தவேண்டியது தசையை.

அகலமான பேசினில் கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில், 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை உட்காரலாம். மலம் கழித்தவுடன் ஒரு முறை கட்டாயம். உப்போ டெட்டாலோ வேண்டாம். டெட்டால் தோலை எரிக்கும். வேலை செய்வது வெப்பம்தான். மருத்துவர் பெரும்பாலும் 2 சதவீத டில்டியாசம் களிம்பு எழுதுவார். இதயநோய்க்குத் தரும் அதே மருந்து இங்கே தசையைத் தளர்த்துகிறது. பட்டாணி அளவு, நாளுக்கு இருவேளை, 6 முதல் 8 வாரம். வலி பத்து நாளில் குறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. வலி போவதும் புண் ஆறுவதும் ஒன்றல்ல. நைட்ரோகிளிசரின் களிம்பு தந்தால் தலைவலி வரலாம். ஆண்மைக்குறைவுக்கு சில்டெனாஃபில் எடுப்பவர்கள் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். எதற்கும் கேட்காத பழைய வெடிப்புக்கு, உள்வளையத்தின் ஒரு சிறு பகுதியை வெட்டித் தளர்த்தும் அறுவை இருக்கிறது. பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் குணமாகிறது. காற்றை அடக்க முடியாமல் போகும் வாய்ப்பு சிலருக்கு உண்டு. பிரசவத்தில் அந்த இடம் கிழிந்த பெண்கள் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

மூன்றாவது பவுத்திரம். இதற்கும் தொடக்கம் அந்தக் கோடுதான். கோட்டின் பற்களுக்கிடையே சிறு குழிகள். குழிகளில் சுரப்பிகள் திறக்கின்றன. ஒரு சுரப்பி அடைத்துக்கொண்டால் தசைகளுக்கு நடுவே சீழ் கட்டுகிறது. மலம் கழிப்பதற்கும் இந்த வலிக்கும் சம்பந்தமில்லை. நாள் முழுக்க விண்விண்ணென்று தெறிக்கும், காய்ச்சலும் வரலாம். இந்தச் சீழ் ஆன்டிபயாட்டிக்கால் மட்டும் தீராது, கீறி வெளியேற்றவேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இது ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம், தொற்று தோலடியில் வேகமாகப் பரவி உயிரையே எடுக்கும். கீறியோ தானாக உடைந்தோ சீழ் போன பிறகும், மூன்றில் ஒருவருக்காவது குழிக்கும் வெளித்தோலுக்கும் இடையே ஒரு சுரங்கம் நின்றுவிடுகிறது. அதுதான் பவுத்திரம். மூடுவது போலிருக்கும், மறுபடி வடியும்.

பிரான்சின் 14ஆம் லூயி மன்னருக்கு இந்த நோய் இருந்தது. அறுவை மருத்துவர் ஃபெலிக்ஸ் தனிக் கத்தி ஒன்றைச் செய்துகொண்டு, மற்ற நோயாளிகளிடம் பழகிப் பார்த்துவிட்டு, 1686 நவம்பர் 18 அன்று மன்னருக்கு அறுவை செய்தார். மன்னர் பிழைத்தார். அரண்மனையே அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது, அறுவை மருத்துவர்களின் மதிப்பும் உயர்ந்தது. நம் நாட்டில் சுஸ்ருதர் மரபில் வந்த காரநூல் முறை இன்றும் நடப்பில் உள்ளது. கள்ளிப்பால், நாயுருவிச் சாம்பல் காரம், மஞ்சள் பூசி உலர்த்திய நூலைச் சுரங்கத்தினூடே கட்டி, வாரம் ஒரு முறை மாற்றுவார்கள். நூல் மெல்ல மெல்ல அறுத்துக்கொண்டே வர, பின்னால் புண் ஆறிக்கொண்டே வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1991இல் வெளியிட்ட ஆய்வில், அறுவையைவிட இதில் ஆற அதிக நாளானது, திரும்ப வருவது குறைவாக இருந்தது. பயிற்சி பெற்ற ஆயுர்வேத அறுவை மருத்துவரிடம் செய்வது வேறு, சுவரொட்டியில் ‘ஒரே ஊசியில் குணம்’ என்று அழைப்பவரிடம் போவது வேறு. என்னவென்று தெரியாத காரத்தை அங்கே ஊசியால் ஏற்றினால் திசு அழுகி, ஆசனவாயே சுருங்கிப்போகலாம். மறுபடி மறுபடி வரும் பவுத்திரத்தில் காசநோயும் கிரோன் குடல்நோயும் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அரிப்புக்குக் காரணம் அழுக்கு மட்டுமல்ல. அளவுக்கு மீறிய சுத்தமும் காரணமாகலாம். சோப்புப் போட்டுத் தேய்க்கவேண்டாம். தண்ணீரால் மென்மையாகக் கழுவி, ஒற்றி உலர்த்தினால் போதும். ஸ்டீராய்டு களிம்பை ஒரு வாரத்துக்கு மேல் தடவினால் தோல் மெலிந்து அரிப்பு கூடும். குழந்தைக்கு இரவில் மட்டும் அரித்தால் கீரிப்பூச்சி. அல்பெண்டசோல் ஒரு வேளை, இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒரு வேளை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மட்டும் மருத்துவரைக் கேட்டு.

உடம்புச் சூடும் கோழிக்கறியும் மூலத்தைக் கொண்டுவருவதில்லை. நார்ச்சத்தும் தண்ணீரும் இல்லாத சாப்பாடு கொண்டுவரும். மிளகாய் மூலத்தை உண்டாக்காது, ஆனால் அதன் காரம் முழுதும் செரிக்காமல் வெளியேறி வெடிப்பில் பட்டால் எரியும். ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார் வேண்டும். வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப்பில் சுமார் 12 கிராம், 100 கிராம் கொய்யாவில் 5 கிராமுக்கு மேல், ஒரு வாழைப்பழத்தில் 3 கிராம். இசப்கோல் ஒன்றிரண்டு தேக்கரண்டியை ஒரு முழு தம்ளர் நீரில் கலந்து உடனே குடிக்கவேண்டும். தண்ணீர் குறைந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். காலை உணவுக்குப் பின் வரும் உந்துதலைத் தள்ளிப்போடாதீர்கள். மலக்குடலைக் கவண்வார் போல முன்னிழுத்துப் பிடித்திருக்கும் ஒரு தசை, குந்தும்போது தளர்ந்து பாதையை நேராக்குகிறது. மேல்நாட்டுக் கழிப்பறையில் பாதங்களுக்கடியில் 15 முதல் 20 செ.மீ. உயர முக்காலி வைத்தால் ஏறக்குறைய அதே பலன். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எழுந்துவிடுங்கள். கையில் போனுடன் உட்கார்ந்திருக்கும் நேரமெல்லாம் மெத்தைகளில் ரத்தம் தேங்குகிறது.

ரத்தம் வந்தால் மூலம்தான் என்று யாரும் பார்க்காமலே முடிவுகட்டக் கூடாது. மலக்குடல் புற்றும் அப்படித்தான் தொடங்கும். கருஞ்சிவப்பு, மலத்தோடு கலந்த ரத்தம், தார் போன்ற கறுப்பு மலம், சில வாரங்களாக மாறிவிட்ட மலப்போக்கு, எடைக்குறைவு, இரத்தசோகை, குடும்பத்தில் குடல்புற்று, 45 வயதுக்கு மேல் முதல்முறை ரத்தம்: இதில் ஒன்று இருந்தாலும் உள்நோக்கிச் சோதனை, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டு உள்ளே பார்ப்பது, தேவை. இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால் சாப்பிடும் மருந்துகளைச் சொல்லிவிடுங்கள்.

மூலமா, வெடிப்பா, பவுத்திரமா என்று மருத்துவர் முதலில் செய்யும் ஆசனவாய்ச் சோதனைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவு புறநோயாளிக் கூடத்திலேயே நடக்கும். இடப்பக்கம் ஒருக்களித்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிப் படுக்கச் சொல்வார்கள். மருத்துவர் முதலில் பார்ப்பார், பிறகு ஜெல் தடவிய உறை விரல், பிறகு ஒரு சிறு குழாய். இரண்டு மூன்று நிமிடம். பெண்கள் உடன் ஒரு பெண் செவிலியர் இருக்கவேண்டும் என்று கேட்கலாம். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தாலே நல்ல மருத்துவர் விரலை உள்ளே விடமாட்டார். வலித்தால் நிறுத்தச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உள்ளே போனதும் “மூலம் இருக்கு டாக்டர்” என்று தொடங்காமல் இப்படிச் சொல்லுங்கள்: “ஆறு வாரமா, மலம் போகும்போது அறுக்கிற மாதிரி வலிக்குது, அப்புறம் ஒரு மணி நேரம் எரியுது, ரத்தம் கோடு மாதிரி வருது, முளை எதுவும் வெளியே வரலை, காய்ச்சல் இல்லை.”